காந்தம் கண்ட உடல் – 6: இரண்டு கண்ணாடிக் குழாய்கள்

சென்ற வாரம் எர்வின் ஹானோடு நிறுத்தியிருந்தோம். புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஒரு சுருக்கம்.

1938-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இஸிடோர் ராபி, அணுக்கருக்கள் காந்தப்புலத்துக்குள் ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்கு மட்டும் இசைந்து கொடுப்பதைக் கண்டுபிடித்தார். போர் முடிந்ததும், 1946-ல் ஹார்வர்டில் எட்வர்ட் பர்செல் அதையே பாரஃபின் மெழுகில் காட்டினார். ஸ்டான்ஃபோர்டில் ஃபெலிக்ஸ் பிளாக் தண்ணீரில் காட்டினார். 1950-ல் ஹான், ரேடியோ அலையால் சீண்டப்பட்ட புரோட்டான்கள் சற்று நேரம் கழித்து எதிரொலி தருவதைப் பிடித்தார்.

அடுத்த இருபது ஆண்டுகளும் வேதியியலாளர்களின் ராஜ்ஜியம். சுண்டுவிரலைவிட மெல்லிய குழாயில் ஒரு கரைசலை ஊற்றிக் காந்தத்துக்குள் இறக்கி, மூலக்கூறின் கட்டமைப்பைப் படித்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கருவிக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

சம்பந்தம் உண்டான இடம் நியூ கென்சிங்டன். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஒரு சிற்றூர். அங்கே காந்த ஒத்ததிர்வுக் கருவிகள் செய்யும் சின்ன நிறுவனம் ஒன்று இருந்தது. என்எம்ஆர் ஸ்பெஷாலிட்டீஸ் என்று பெயர்.

*

1970 ஜூன். அந்த நிறுவனத்தின் வாசலுக்கு ஒரு மருத்துவர் எலிகளோடு வந்து சேர்ந்தார்.

ரேமண்ட் டமேடியன். நியூயார்க் புரூக்ளினில் மருத்துவக் கல்லூரி ஆசிரியர். சிறுவயதில் ஜூலியார்ட் இசைப்பள்ளியில் வயலின் பயின்றவர். பாட்டி மார்பகப் புற்றுநோயில் வதைபட்டு இறந்ததை வீட்டிலிருந்து பார்த்தவர். கோபக்காரர், பிடிவாதக்காரர். இந்தத் தொடரில் இனிமேல் அடிக்கடி வருவார்.

அவர் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது இதுதான்: உயிரணுவுக்குள் இருக்கும் நீர், குவளையில் இருக்கும் நீரைப்போலச் சுதந்திரமாக அலைவதில்லை. புரதங்களும் உப்புகளும் அதைப் பிடித்து வைத்திருக்கின்றன. புற்று பிடித்த அணுவில் அந்தப் பிடி தளர்ந்திருக்க வேண்டும். அப்படியானால் அந்த நீரில் உள்ள புரோட்டான்கள் வேறு மாதிரி நடந்துகொள்ளும்.

எப்படி வேறு மாதிரி? இதைப் புரிந்துகொள்ளாமல் இந்தக் கதையில் ஓரடிகூட நகர முடியாது. எனவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஹைட்ரஜனின் கருவான புரோட்டான் ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம். உடலில் நீரும் கொழுப்பும் இருக்கும் இடமெல்லாம் அது இருக்கிறது. பெரிய காந்தத்துக்குள் உடலை வைத்தால் புரோட்டான்கள் எல்லாம் வரிசையாக ஒரே பக்கம் திரும்பிவிடும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படியில்லை. பாதிக்குப் பாதி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஒன்றையொன்று ரத்து செய்துவிடும். இன்றைய 1.5 டெஸ்லா கருவியில்கூட, பத்து லட்சத்துக்கு ஐந்து என்ற கணக்கில்தான் ஒரு பக்கம் மிஞ்சும். அந்தச் சொற்ப மிச்சத்தை நம்பித்தான் எம்ஆர்ஐ நடக்கிறது. நம் உடலில் தண்ணீர் இவ்வளவு அதிகமாக இல்லாதிருந்தால் அது போதாமல் போயிருக்கும்.

சரியான அதிர்வெண்ணில் ரேடியோ அலையைச் செலுத்தினால் அந்த மிச்சப் புரோட்டான்கள் நிலை பெயர்ந்து, ஒன்றாகச் சுழலத் தொடங்கும். அந்தச் சுழற்சியைத்தான் கருவி ஒரு மெல்லிய சமிக்ஞையாகக் கேட்கிறது. அலையை நிறுத்தினால் அவை பழைய நிலைக்குத் திரும்பும்.

திரும்புவதற்கு இரண்டு கணக்கு இருக்கிறது. வாங்கிய ஆற்றலைச் சுற்றுப்புறத்திடம் கொடுத்துவிட்டுக் காந்தத்தின் திசைக்கே மீள ஆகும் காலம் டி1. ஒன்றாகச் சுழன்றவை ஒன்றுக்கொன்று தாளம் தப்பி, சமிக்ஞை கலைந்துபோக ஆகும் காலம் டி2.

தூய நீரில் மூலக்கூறுகள் மிக வேகமாகப் புரண்டுகொண்டே இருப்பதால், ஆற்றலைக் கைமாற்றிவிடத் தோதான துணை புரோட்டானுக்குச் சீக்கிரம் அமைவதில்லை. டி1 சில விநாடிகள் வரை நீளும். புரதத்தோடு ஒட்டிய நீரிலும், புரளும் வேகம் குறைந்த கொழுப்பிலும் அந்தக் கைமாற்றம் சட்டென்று நடந்துவிடும்.

ஆகவே டமேடியனின் கணிப்பு: புற்றுத் திசுவில் டி1, டி2 இரண்டுமே நீளும்.

எலிகளை அறுத்தார்கள். தசை, சிறுநீரகம், இரைப்பை, குடல், மூளை, கல்லீரல் என்று ஆறு நல்ல திசுக்கள்; இரண்டு வகைப் புற்றுக்கட்டிகள். துண்டு துண்டாகக் குழாயில் இட்டு அளந்தார்கள். ஆரோக்கியமான கல்லீரலின் டி1 0.293 விநாடி. கல்லீரல் புற்றின் டி1 0.826 விநாடி. ஏறக்குறைய மூன்று மடங்கு.

கட்டுரை 1971 மார்ச் 19 அன்று ‘சயன்ஸ்’ இதழில் வெளிவந்தது. வெளியிலிருந்தே உடலைத் துழாவிப் புற்றைக் கண்டுபிடிக்கும் நாள் வரும் என்று டமேடியன் பேசத் தொடங்கினார். பலர் சிரித்தார்கள். சிரித்ததற்குக் காரணமும் இருந்தது. அவர் அளந்தது அறுத்தெடுத்த துண்டை. முழு உடலைக் காந்தத்துக்குள் வைத்தால் கல்லீரலின் சமிக்ஞையும் குடலின் சமிக்ஞையும் தசையின் சமிக்ஞையும் ஒன்றாகக் கலந்து வரும். எது எங்கிருந்து வருகிறது என்று எப்படிச் சொல்வது?

*

1971-ன் கோடைக்காலம். அதே நியூ கென்சிங்டன், அதே நிறுவனம். இப்போது அது நிதி நெருக்கடியில் இருந்தது. நிர்வாகக் குழுவில் இருந்த ஒரு வேதியியல் பேராசிரியர், கல்லூரி விடுமுறையில் வந்து தலைமைப் பொறுப்பை ஏற்றிருந்தார்.

அவர் பால் லாட்டர்பர். நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஸ்டோனி புரூக் வளாகத்தில் வேலை. வயது 42. ராணுவ சேவையில் இருந்தபோதே இந்தக் கருவியோடு பழகியவர். பேச்சு குறைவு.

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்த ஓர் ஆராய்ச்சி மாணவர், டமேடியனின் சோதனையைத் திரும்பச் செய்துகொண்டிருந்தார். எலியைக் கொல்வது, கட்டியை எடுப்பது, குழாயில் இடுவது, அளப்பது. லாட்டர்பர் பக்கத்தில் நின்று பார்த்தார்.

எண்கள் சரியாகவே வந்தன. நல்ல திசுவுக்கும் கட்டிக்கும் வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் எலிகளை அறுக்கும் காட்சி அவருக்கு உவப்பாக இல்லை. அறுத்துவிட்டால் பிறகு நோயாளிக்கு என்ன பயன் என்ற கேள்வியும் உறுத்தியது. அறுக்காமலே, சமிக்ஞை உடலின் எந்த மூலையிலிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ள வழியுண்டா?

செப்டம்பர் தொடக்கத்தில் ஒரு மாலை. சக ஊழியர் ஒருவரோடு பிக் பாய் என்ற ஹாம்பர்கர் கடையில் சாப்பிட உட்கார்ந்தார். சாப்பாட்டுக்கு நடுவில் விடை வந்தது.

காந்தத்தைக் கெடுத்துவிட வேண்டும்.

*

இந்த விடையின் துணிச்சல் புரிய வேண்டுமானால், அந்தக் காலத்து ஆய்வுக்கூடங்களின் தவிப்பு தெரிய வேண்டும். காந்தப்புலம் குழாய் முழுக்க ஒரே சீராக இருக்க வேண்டும் என்பதுதான் எல்லோருடைய பாடும். சின்னச் சின்னச் சுருள்களில் மின்னோட்டத்தைக் கூட்டியும் குறைத்தும் மணிக்கணக்கில் புலத்தைச் சமன்படுத்துவார்கள். சீர் குலைந்தால் சமிக்ஞை பரந்து மங்கிவிடும், சோதனை வீண்.

லாட்டர்பர் யோசித்தது நேரெதிர். புரோட்டானின் அதிர்வெண் காந்தப்புலத்தின் வலிமையைப் பொறுத்தது. 1 டெஸ்லாவுக்கு ஏறக்குறைய 42.6 மெகாஹெர்ட்ஸ். இந்த விகிதம் மாறாது. அப்படியானால், புலத்தை வேண்டுமென்றே ஒரு முனையில் சற்றே வலுவாகவும் மறுமுனையில் சற்றே மெலிவாகவும் ஆக்கினால்? வலுவான பக்கத்துப் புரோட்டான் உச்சத்தில் ஒலிக்கும். மெலிந்த பக்கத்தது கீழே ஒலிக்கும். வீணையின் ஒரே தந்தியில் விரல் எந்த மெட்டில் இருக்கிறது என்பதை ஸ்வரத்தைக் கேட்டே சொல்லிவிடுவதைப்போல, அதிர்வெண்ணைக் கேட்டே இடத்தைச் சொல்லிவிடலாம்.

யோசனையைக் கையிலிருந்த தாளில் குறித்தார். பிறகு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, விரிவாக எழுதி, 1971 செப்டம்பர் 2 என்று தேதியிட்டு, உடனிருந்த ஊழியரைச் சாட்சிக் கையெழுத்துப் போடவைத்தார்.

எம்ஆர்ஐ எடுத்துக்கொண்டவர்களுக்கு அந்தச் சத்தம் நினைவிருக்கும். காதில் பஞ்சை அடைத்தாலும் கேட்கும் ‘டக் டக் டக்’ என்ற இடி. அது காந்தத்தின் ஓசை கிடையாது. காந்தப்புலத்தைச் சாய்ப்பதற்கென்று வைத்த சுருள்கள், மின்னோட்டம் மாறி மாறிப் பாயும்போது விலுக்கென்று அதிரும் ஓசை. லாட்டர்பர் அன்று மாலை நினைத்ததைத்தான் ஒவ்வொரு ஸ்கேன் சென்டரிலும் இன்று காது வலிக்கக் கேட்கிறோம்.

*

ஸ்டோனி புரூக் திரும்பியதும் ஒரு தடை. வேதியியல் துறையின் வேரியன் ஏ-60 கருவி பலருக்குப் பொது. பகலில் அதன் புலத்தைக் கலைத்தால் மற்றவர்கள் வேலை கெடும். ஆகவே இரவில் வருவார். மற்றவர்கள் பாடுபட்டுச் சமன்படுத்தியதைக் கலைப்பார். விடிவதற்குள் பழையபடி சரிசெய்துவிட்டுப் போவார்.

கருவிக்குள் நுழையும் குழாய் மிகச் சிறியது. அதன் உள்விட்டம் 4.2 மில்லிமீட்டர். அதில் கனநீரை நிரப்பினார். கனநீரில் சாதாரண ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியம் இருப்பதால், இந்த அதிர்வெண்ணில் அது பேசாது. அதற்குள் உட்சுவரை ஒட்டி 1 மில்லிமீட்டர் விட்டமுள்ள இரண்டு நுண்குழாய்கள். அவற்றில் சாதாரணத் தண்ணீர். கருவிக்கு அந்த இரண்டு தண்ணீர்க் கோடுகள் மட்டும் தெரிய வேண்டும்.

புலத்தைச் சாய்த்து அளந்தார். ஒரு திசையிலிருந்து பார்த்த நிழல் கிடைத்தது. 45 டிகிரி திருப்பி மறுபடி. இப்படி நான்கு திசை நிழல்கள். அவற்றைச் சேர்த்துப் படத்தைத் திரும்பக் கட்ட வேண்டும்.

நிழல்களிலிருந்து உருவத்தை மீட்கும் கணக்கில் அப்போது உலகில் பலர் மூழ்கியிருந்தார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் பணியாற்றி, கொலாஜனின் மூவிழைச் சுருளைக் கண்டுபிடித்த ஜி. என். ராமச்சந்திரனும் அவரோடு ஏ. வி. லட்சுமிநாராயணனும் அதே 1971-ல்தான் தங்கள் வழிமுறையை வெளியிட்டார்கள். சிடி ஸ்கேனின் பாடப்புத்தகங்களில் இன்றும் அவர்கள் இருவர் பெயரையும் சேர்த்துச் சுருக்கிய ஒரு வடிகட்டி இருக்கிறது. லாட்டர்பர் கையாண்டது வேறொரு வழிமுறை. ஆனால் கேட்ட கேள்வி ஒன்றே.

லாட்டர்பருக்குக் கிடைத்தது 20-க்கு 20 புள்ளிகள் கொண்ட படம். தாளில் இரண்டு கறுப்புத் திட்டுகள். அவ்வளவுதான்.

‘நேச்சர்’ இதழுக்கு அனுப்பினார். பரந்த முக்கியத்துவம் இல்லையென்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் விடவில்லை. மறுபரிசீலனை கேட்டு எழுதினார். இதன் பயன்கள் என்னவாக இருக்கும் என்று விரித்துச் சேர்த்தார். 1973 மார்ச் 16 அன்று கட்டுரை வெளிவந்தது. இந்த யோசனைக்குக் காப்புரிமை எடுக்கலாம் என்று சொன்னதற்குப் பல்கலைக்கழகம் அக்கறை காட்டவில்லை.

*

எல்லோரும் அந்த இரண்டு திட்டுகளைப் பற்றியே பேசுவார்கள். அதே கட்டுரையில் இன்னொரு படம் இருக்கிறது. எம்ஆர்ஐயின் வரலாறு திரும்பிய இடம் அதுதான் என்பது என் கருத்து. அதைப் பக்கத்தில் போய்ப் பார்ப்போம்.

அதே இரண்டு நுண்குழாய்கள். ஒன்றில் தூய தண்ணீர். இன்னொன்றில் மாங்கனீஸ் சல்ஃபேட்டைத் துளியளவு கரைத்த தண்ணீர். கண்ணுக்கு இரண்டுக்கும் பேதம் தெரியாது. எடையிலும் தெரியாது. எக்ஸ்ரேயில் வைத்தாலும் அந்த வித்தியாசம் தெரியப்போவதில்லை. மாங்கனீஸ் அயனிகள் வலுவான காந்தத்தன்மை கொண்டவை. பக்கத்திலிருக்கும் புரோட்டான்களின் ஆற்றலை உடனுக்குடன் இறக்கிவைக்க அவை துணை செய்கின்றன. அந்தக் குழாயில் டி1 குறுகிவிடுகிறது. தூய நீரில் அது நீளமாகவே இருக்கிறது.

முதலில் ரேடியோ அலையை மிக மெலிதாகச் செலுத்தினார். இரண்டு திட்டுகளும் ஒரே மாதிரி தெரிந்தன.

பிறகு அலையின் வலிமையைக் கூட்டினார். மாங்கனீஸ் குழாய் அப்படியே இருந்தது. தூய தண்ணீர்க் குழாய் படத்திலிருந்து ஏறக்குறைய மறைந்துபோனது.

தண்ணீர் எங்கும் போகவில்லை. அதன் புரோட்டான்கள் வாங்கிய ஆற்றலை இன்னும் இறக்கிவைக்காததால், மேற்கொண்டு வாங்க முடியாமல் நிறைந்துபோய் நின்றன. வாங்காவிட்டால் சமிக்ஞை இல்லை. மாங்கனீஸ் குழாயின் புரோட்டான்களோ உடனுக்குடன் காலியாகி அடுத்ததற்குத் தயாராக இருந்தன.

பொருள் மாறாமல், காந்தம் மாறாமல், கேட்கும் விதத்தை மட்டும் மாற்றியதால் ஒன்று தெரிந்தது, மற்றொன்று மறைந்தது. டமேடியன் எண்ணாகக் கண்ட காலத்தை லாட்டர்பர் இங்கே கறுப்பு வெள்ளையாக்கிவிட்டார். எக்ஸ்ரே படத்தில் வெளுத்துத் தெரிவது எலும்பென்றால், அங்கே அடர்த்தி அதிகம் என்று பொருள். எம்ஆர்ஐ படத்தில் ஒரு திசு வெளுத்தோ கறுத்தோ தெரிவதில் பெரும் பங்கு, அதன் புரோட்டான்கள் எவ்வளவு சீக்கிரம் நிலைக்குத் திரும்புகின்றன என்பதற்குத்தான்.

*

இன்று மூளை ஸ்கேன் எடுத்துவிட்டு ஃபிலிம் உறையோடு வெளியே வருகிறவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால், ஒரே மூளை வெவ்வேறு விதமாக அச்சாகியிருப்பதைக் காணலாம். ஒரு வரிசையில் மூளை நடுவிலுள்ள நீரறைகள் கறுப்பாக இருக்கும். இன்னொரு வரிசையில் அதே அறைகள் பளீரென்று வெள்ளையாக இருக்கும். பலர் இதைப் பார்த்துப் பயந்து போகிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை, இரண்டும் லாட்டர்பரின் அந்த இரண்டாவது படத்தின் வாரிசுகள்.

முதல் வரிசை டி1 படம். அரை விநாடிக்கு ஒருமுறை என்ற அளவில் ரேடியோ அலையைத் திரும்பத் திரும்பச் செலுத்தி எடுப்பது. கொழுப்பு கால் விநாடியளவில் மீண்டுவிடுவதால், ஒவ்வொரு முறையும் பலமாகப் பதில் தந்து வெள்ளையாகத் தெரியும். மூளைத் தண்டுவட நீர் மீள நான்கு விநாடி போலப் பிடிப்பதால் எப்போதும் பிந்திப்போய்க் கறுப்பாகும். மூளையின் வெண்பொருளில் நரம்பிழைகளைச் சுற்றிக் கொழுப்புறை இருக்கிறது; அது சாம்பல்பொருளைவிடச் சீக்கிரம் மீண்டு, சற்று வெளுத்துத் தெரியும்.

இரண்டாவது வரிசை டி2 படம். இங்கே அவசரப்படாமல் அலைக்குப் பிறகு 0.1 விநாடி போலக் காத்திருந்து கேட்கிறார்கள். அதற்குள் பெரும்பாலான திசுக்களில் புரோட்டான்கள் தாளம் தப்பிக் கலைந்துபோயிருக்கும். சுதந்திரமாக அலையும் நீரில் மட்டும் இன்னும் சேர்ந்தே சுழன்றுகொண்டிருக்கும். ஆகவே நீரறைகள் வெள்ளை. வீக்கம், அழற்சி, பல வகைக் கட்டிகள் எல்லாவற்றிலும் நீர் கூடியிருப்பதால் அவையும் வெள்ளை. டாக்டர்கள் முதலில் டி2 படத்தைத் தேடுவது இதனால்தான்.

கெட்டியான எலும்பின் மேலோடு இரண்டிலும் கறுப்பு. அதில் அசையும் நீர் குறைவு. இருப்பதும் கேட்பதற்குள் கலைந்துவிடும். எலும்புக்குள் இருக்கும் கொழுப்பு மச்சை டி1 படத்தில் வெளுத்துத் தெரியும். காற்று கறுப்பு. வேகமாக ஓடும் ரத்தமும், ஹானின் எதிரொலி முறையில், கேட்கும் நேரத்துக்குள் இடத்தைவிட்டுப் போய்விடுவதால், பெரும்பாலும் கறுப்பு.

மாங்கனீஸ் கரைத்த அந்தக் குழாய்க்கும் ஒரு வாரிசு உண்டு. ஸ்கேனுக்கு நடுவில் கையில் போடும் காடோலினியம் ஊசி அதே வேலையைத்தான் செய்கிறது: தான் சேரும் இடத்தில் டி1-ஐக் குறுக்கி, டி1 படத்தில் அந்த இடத்தை வெளுக்கச் செய்கிறது. அதன் கதை தனி, பிறகு வரும்.

*

1973 கட்டுரையில் டமேடியன் பெயர் இல்லை. புற்றுத் திசுவின் டி1, டி2 காலங்களைப் பற்றிப் பேசும் இடத்தில் வேறொரு ஆய்வைத்தான் லாட்டர்பர் சுட்டினார். அது அவர் தவிர்த்திருக்க வேண்டிய விடுபடல் என்றே நினைக்கிறேன். டமேடியன் கொதித்துப்போனார். அந்தக் கொதிப்பு முப்பது ஆண்டு கழித்து 2003-ல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது செய்தித்தாள்களில் முழுப்பக்க விளம்பரமாக வெடித்தது.

ஆனால் டமேடியன் சொன்னதும் முழுமையாக நிற்கவில்லை. டி1 நீண்டாலே புற்று என்று சொல்ல முடியாது. சாதாரண வீக்கத்திலும் அது நீளும். காலத்தை மட்டும் அறிந்தவருக்கு இடம் தெரியவில்லை. இடத்தை மட்டும் காட்டியிருந்தால் லாட்டர்பரின் படம் தண்ணீர் இருக்குமிடம், இல்லாத இடம் என்ற அளவில் நின்றிருக்கும்.

1973-ல் இருந்த நிலைமை இது. யோசனை அச்சாகிவிட்டது. ஆனால் லாட்டர்பரின் கருவிக்குள் நுழையக்கூடியது சில மில்லிமீட்டர் மட்டும். அடுத்து அவர் அதில் வைத்தது, மகள் கடற்கரையில் பொறுக்கிவந்த 4 மில்லிமீட்டர் சிப்பி. சிப்பி அசையாமல் இருந்தது. மனிதனின் இதயம் அடிக்கும். நெஞ்சு ஏறி இறங்கும். அவனைக் கொள்ளும் அளவுக்கு ஒரு காந்தமும் எங்கும் இல்லை.

புரூக்ளினில் டமேடியன் அதைத் தானே செய்துவிடுவதென்று முடிவெடுத்தார். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில், பதினைந்து வயதில் பள்ளியை விட்டு அச்சகத்தில் வேலைக்குப் போன பீட்டர் மான்ஸ்ஃபீல்ட், படிகங்களை ஆராயப்போய் லாட்டர்பரின் அதே யோசனையைத் தன் வழியில் எட்டியிருந்தார். ஸ்காட்லாந்தின் அபர்டீனில் ஒரு குழு சுண்டெலியைப் படமெடுக்கத் தயாராகிக்கொண்டிருந்தது.

பூமியின் காந்தத்தைவிடப் பல நூறு மடங்கு வலிமையான புலத்துக்குள் மணிக்கணக்கில் கிடந்தால் மனித உடலுக்கு என்ன ஆகும் என்று அன்று யாருக்கும் தெரியாது. இதயத் துடிப்பே தடுமாறலாம் என்று எச்சரித்தவர்களும் உண்டு.

அந்தக் காந்தத்துக்குள் முதலில் போய் உட்காரப்போவது யார்?

(தொடரும்)